கசவு மிஞ்சியது, துவர்த்து மிஞ்சவில்லை: தென்திருவிதாங்கூர்ப் பழந்துணிகளைச் சேர்ப்பதும் காட்டுவதும்

1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு ஒரு விளம்பரம், அதாவது அரச அறிவிப்பு, வெளியிட்டது. நாடார் பெண்கள் எப்படி உடுத்தலாம் என்று அது மூன்று வழி சொன்னது. கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போலக் குப்பாயம் என்ற தைத்த சட்டை போட்டுக்கொள்ளலாம். எந்த மதத்தவரானாலும் முரட்டுத் துணியை மீனவரான முக்குவப் பெண்களைப் போலச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்த விதத்திலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த விளம்பரத்தை எடுத்துக்காட்டுவார்கள். அந்தக் குப்பாயம் எங்கே, அந்த முரட்டுத் துணி எங்கே என்று கேட்டால் பதில் வராது. நாகர்கோவிலிலிருந்து பாறசாலை, பாலராமபுரம் வரை பழைய வீட்டுப் பெட்டிகளைத் திறந்தால் வருவது கசவு நேரியல் (ஜரிகைக்கரை போட்ட மேல்துணி), புளியிலைக்கரை முண்டு (மெல்லிய கரை போட்ட வேட்டி), கல்யாணப் பட்டு, லேஸ் வைத்த மேஜை விரிப்பு. அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் உடுத்தியது இதில் எதுவும் இல்லை.

பழந்துணி சேர்க்கிறவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்தக் கோணலைத்தான். பெட்டியில் இருப்பதை வரிசையாக மாட்டி ‘நம் முன்னோர் உடை’ என்று பெயர் வைத்தால், ஊரில் சிலர் மட்டும் உடுத்தியதை ஊர் முழுவதும் உடுத்தியதாகச் சொன்னதாகிவிடும்.

கோணல் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தினப்படி முண்டு நைந்துபோகும் வரை இடுப்பில் கிடந்தது. நைந்தபின் உடம்பு துடைக்கும் துவர்த்தாயிற்று, பிறகு பிள்ளைத்துணி, பிறகு அடுக்களைப் பிடிதுணி, கடைசியில் விளக்குத்திரி. நல்ல புடவைகளில் பல, உடுத்தியவரோடு சுடுகாட்டுக்கோ கல்லறைக்கோ போயின. கசவு ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் வெளியே வந்ததால் தப்பியது. அதிலும் எல்லாம் தப்பவில்லை. பழைய ஜரிகை எடுக்கிறவர்கள் தெருத்தெருவாக வந்து எடை பார்த்து வாங்கிப்போய், துணியை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். கனமான கசவுக்கு நல்ல விலை கிடைத்ததால் அதுதான் முதலில் போயிற்று. ஆக, வெறுந்துணி உழைப்பில் அழிந்தது, கனக்கசவு உலையில் அழிந்தது. மிஞ்சியது பெரும்பாலும் நடுத்தரக் கசவு. பழைய கசவெல்லாம் ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடைதான் என்று யாராவது சொன்னால், உருக்கப்பட்டதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்று பொருள்.

துணியைப் படிப்பது

துணி கைக்கு வந்ததும் வெளுக்கத் தோன்றும். கூடாது. அழுக்கும் கஞ்சியும் மடிப்பும் கறையும் சாட்சிகள். அவற்றைப் படித்துக் குறித்து முடிக்கும் வரை தண்ணீர் படக்கூடாது. வெளிச்சமான மேஜையில் துவைத்த வெள்ளைக் காடாத் துணியை விரித்து, அதன் மேல் துணியைப் பரப்புங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், தையல் டேப், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், பென்சில் போதும். மேஜைப் பக்கம் பேனா வரக்கூடாது. பருத்தியைத் தொடச் சுத்தமான உலர்ந்த கை போதும். கசவுக்கு நைட்ரைல் கையுறை வேண்டும். வியர்வை உப்பு பட்ட இடத்தில் வெள்ளி கறுக்கும், சில மாதம் கழித்து விரல் ரேகை அப்படியே தெரியும்.

முதலில் நூல். லென்ஸில், நீளவாக்கில் ஓடும் பாவு இழையையும் குறுக்கே ஓடும் ஊடை இழையையும் ஓர் அங்குலத்துக்கு எத்தனை என்று மூன்று இடத்தில் எண்ணிச் சராசரி எழுதுங்கள். ஒரே இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போனால் கைநூற்பு. ஒரே சீராக ஓடினால் மில் நூல். பட்டு போலப் பளபளக்கும் பருத்தி நூல் என்றால் மெர்சரைஸ் செய்தது. நூலை இழுத்துப் பிடித்தபடி காரத்தில் நனைக்கும் அந்த முறை 1890களுக்குப் பின்தான் பரவியது. அத்தகைய நூல் பாவிலேயே இருக்கும் முண்டைக் ‘கொள்ளுப்பாட்டி காலத்து, 150 வருஷப் பழசு’ என்று வீட்டார் சொன்னால், அன்பாகக் கேட்டுக்கொண்டு பென்சிலால் கேள்விக்குறி போட வேண்டியதுதான்.

அடுத்து சாயம். பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டது 1856இல். கடும் மெஜந்தா சில ஆண்டு கழித்து வந்தது. கரையில் அந்த நிறம் இருந்தால் அதற்கு முந்தியது என்று சொல்ல வழியில்லை. செயற்கை நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. ஆனால் இயற்கை அவுரியும் செயற்கை நீலமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், அதனால் நீலத்தை வைத்துக் காலம் சொல்லாமல் இருப்பதே நல்லது. கறுப்புக் கரை வேறு விதமாகப் பேசும். பழைய முண்டுகளில் வெள்ளைப் பகுதி நன்றாக இருக்க, கறுப்புக் கோடு மட்டும் பொடிந்து உதிர்ந்து இடைவெளியாகக் கிடப்பதைப் பார்க்கலாம். பூச்சி அரித்ததாக நினைப்பார்கள். இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு, காலப்போக்கில் அமிலமாகி நூலையே தின்றுவிடுகிறது. பூச்சி வெட்டினால் ஓட்டை ஒழுங்கில்லாமல், வெள்ளையிலும் கறுப்பிலும் பரவி இருக்கும். சாயம் தின்றால் கோட்டின் எல்லையோடு நின்றுவிடும். உதிர்ந்த கோடுகூடச் சான்றுதான், அதைத் தைத்து அடைக்க வேண்டாம்.

கசவில்தான் ஏமாற்றம் அதிகம். அசல் கசவில் சிவப்பு அல்லது மஞ்சள் பட்டு நூல் நடுவில் ஓடும். தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி அதன் மேல் சுருளாகச் சுற்றியிருக்கும். அதற்கு மேலே மிக மெல்லிய பொன் பூச்சு. தேய்ந்த இடத்தை லென்ஸில் பார்த்தால் உள்ளேயிருக்கும் பட்டு எட்டிப்பார்க்கும். வெள்ளி கறுக்கும், செம்பு மிகுந்த போலி ஜரிகை பச்சை பூக்கும். பிளாஸ்டிக் ஜரிகையில் கம்பியே இருக்காது, ஒளிரும் ஏடு மட்டும் தெரியும். அது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தியது. நெருப்பில் காட்டிப் பார்ப்பது, உரைகல்லில் தேய்ப்பது இரண்டும் வியாபாரிக்குச் சரி, சேர்க்கிறவருக்குத் தப்பு. நகைக்கடைகளில் காரட் மீட்டர் என்று ஒரு கருவி உண்டு, எக்ஸ் கதிரால் உலோகத்தைச் சொல்லிவிடும். துணியை வெட்டாமல் கொள்ளாமல் கசவுப் பகுதியை அதன் மேல் வைத்து வெள்ளி, செம்பு, பொன் விகிதத்தை எழுதி வாங்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: பொன் பூச்சு அவ்வளவு மெலிது என்பதால் பொன் மிகச் சொற்பமாகவே காட்டும். அதை வைத்து ‘போலி’ என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

தைத்த உடையில் தையலே பேசும். தையல் இயந்திரத் தையலில் மேலும் கீழும் ஒரேமாதிரிக் கோடு வரும். கைத்தையலில் பின்பக்கம் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். சிங்கர் காப்புரிமை பெற்றது 1851இல். இந்தப் பக்கத்து வீடுகளில் இயந்திரம் புழங்க இன்னும் பல ஆண்டு ஆயிற்று. பிரஸ் பட்டன் 1885க்குப் பின் வந்த சரக்கு. ஆனால் பட்டனை வைத்து உடைக்குக் காலம் குறிப்பதற்கு முன், பட்டன் தைத்த நூலும் உடல் தைத்த நூலும் ஒன்றுதானா என்று பாருங்கள். நூல் வேறாக இருந்து, பட்டனுக்குக் கீழே பழைய ஊசித்துளைகளும் தெரிந்தால், பிற்பாடு யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அடித்துப் பார்க்கலாம். சலவைத்தூள்களில் 1940களுக்குப் பின் சேர்ந்த வெண்மையூட்டி நீலவெள்ளையாக ஒளிரும். தையல்நூல் மட்டும் ஒளிர்ந்தால் அது புதுத் தையல் என்று சந்தேகிக்கலாம். துணி முழுக்க ஒளிர்ந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. நூறு வருஷத் துணியைப் பேத்தி போன ஓணத்துக்குச் சலவைத்தூளில் நனைத்திருப்பார்.

இனி எழுத்தும் எண்ணும். துணி ஓரத்தில் மில் முத்திரை கஜக் கணக்கில் இருந்தால் 1960களின் தொடக்கத்துக்கு முந்தியது; மெட்ரிக் அளவை அப்போதுதான் கட்டாயமாயிற்று. பெட்டிக்குள் கிடக்கும் தையல் சீட்டில் விலை சக்கரத்திலும் பணத்திலும் எழுதியிருந்தால் 1949க்கு முந்தியது, அத்தோடு திருவிதாங்கூர் நாணயம் போய்விட்டது. நூலால் பின்னிய ‘1104’ என்ற எண்ணைக் கண்டு யாரும் திடுக்கிட வேண்டாம், அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. ஆவணி முதல் மார்கழி பாதி வரை 824ஐயும் அதன்பின் 825ஐயும் கூட்டினால் 1928-29 கிடைக்கும். வீட்டுப் பெரியவர் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு மறு வருஷம் கட்டின கல்யாணம்’ என்றால் கொல்லம் 1099, அதாவது 1924 பெருவெள்ளத்தைச் சொல்கிறார். கல்யாணம் 1925 வாக்கில் நடந்திருக்கும்.

இதையெல்லாம்விட அருமையானது முந்தானை மூலையிலோ முண்டின் ஓரத்திலோ கிடக்கும் வண்ணார் குறி. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதன் சாற்றால் இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு பெருக்கல் என்று வீட்டுக்கு வீடு ஒரு அடையாளம் போட்டு, சுண்ணாம்பு தடவுவார்கள். கறுப்பு ஏறிவிட்டால் வெள்ளாவியிலும் போகாது. இரண்டு வெவ்வேறு வீட்டிலிருந்து வந்த துணிகளில் ஒரே குறி இருந்தால், ஒரு வீட்டுத் துணி கல்யாணத்தோடோ பாகப்பிரிவினையோடோ இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். வெளுக்கக் கொடுத்த துணி என்றால் வெளுப்பவருக்குக் கூலி கொடுக்க வசதியுள்ள வீடு என்பதும் தெரியும். விற்பவர்கள் இதைக் கறை என்று நினைத்துப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். குறி போவதில்லை, குறியைச் சுற்றித் துணி போய்விடுகிறது. குறியை அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, கையாலும் வரைந்து, தனி ஏட்டில் சேர்த்து வைக்க வேண்டும். பாவில் இருக்கும் இழை எண்ணிக்கையைவிட இந்த ஏடு ஒருநாள் அதிகம் சொல்லும்.

நாகர்கோவில் லேஸ்

லேஸைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சீமையில் ஏழைப் பெண்களின் கை பட்டது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பழந்துணி கிட்டத்தட்ட இது ஒன்றுதான். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன் லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிய பெண்கள் இருந்தார்கள். 1897இல் மதர் மரி லூயி தெ மீஸ்டர் முளகுமூடு வந்தபின் அங்கும் மடத்துப் பெண்கள் லேஸில் கைதேர்ந்தார்கள்.

தலையணைமேல் குண்டூசி குத்திக் கையால் பின்னிய தலையணை லேஸில் நூல்கள் ஒன்றையொன்று முறுக்கியும் குறுக்கிட்டும் ஓடும். குண்டூசி குத்திய இடங்களில் நுண்ணிய துளை வரிசை தெரியும். ஒரே பூ இரண்டாம் முறை வரும்போது ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். குரோஷே என்றால் ஒரே நூல் வளையத்துக்குள் வளையமாகப் போகும். இயந்திர லேஸில் பூக்கள் அச்சடித்த மாதிரி இருக்கும்; ஓரத்தில் வெட்டிய பிசிறு தெரியும். நல்ல லேஸ் பெரும்பாலும் விற்பனைக்குப் போனது. பின்னியவர் வீட்டில் தங்கியிருப்பது துண்டு மாதிரிகளும், குத்துப்புள்ளி போட்ட அட்டைகளும், நூல் சுற்றும் மரக் கட்டைகளும்தான். கடைக்காரர் அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு லேஸை மட்டும் விற்பார். கேட்டு வாங்க வேண்டியது அட்டையை.

தண்ணீர், காற்று, பெட்டி

வெளுத்தே ஆக வேண்டும் என்ற நிலை சில சமயம் வரும், அமில மஞ்சள் ஏறி நூல் மொடமொடப்பாகிவிட்டால். கசவும் பட்டும் உள்ளதை வீட்டில் நனைக்காதீர்கள். பட்டு உப்பும், அதைச் சுற்றிய கம்பி விரியும். வெறும் பருத்தி என்றால், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, மேலே வெள்ளை ஒற்றுத்தாளை ஒரு நிமிடம் அழுத்துங்கள். தாளில் நிறம் ஏறினால் அத்தோடு நிறுத்திவிடலாம். ஏறாவிட்டால், கொசுவலை போன்ற நைலான் வலையில் துணியைக் கிடத்தி, அகலத் தட்டில் டிஸ்டில்டு வாட்டரில் வலையோடு இறக்கி, வலையோடு தூக்குங்கள். ஈரத்தில் பழம்பருத்தி தன் எடையையே தாங்காது. கையால் தூக்கினால் நடுவில் பிளக்கும். பிழிவதும் கயிற்றில் போடுவதும் கிடையாது, கண்ணாடிப் பலகையில் நிழலில் பரப்ப வேண்டும். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் ஆகவே ஆகாது, அதிலுள்ள இரும்பு வருஷம் கழித்துப் பழுப்புப் புள்ளியாக வெளியே வரும்.

தகரப் பெட்டியும் ஊக்கும் விட்ட துருக்கறைக்கு மேல் பிளீச்சிங் ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசம். இரும்பு இருக்கும் இடத்தில் குளோரின் பருத்தியை இன்னும் வேகமாக அரிக்கும். கறை இருந்த இடத்தில் கறை வடிவிலேயே ஓட்டை விழும். கறுத்த கசவைக் குத்துவிளக்கு மாதிரி நினைத்துப் புளி போட்டுத் துலக்குகிறவர்களும் உண்டு. கறுப்பு போகும்தான், கூடவே பொன் பூச்சும் போகும். கறுத்த கசவு கறுத்தே இருக்கட்டும்.

இங்கே தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்யும். கடற்காற்றும் சேர்ந்தால் ஆண்டில் பாதி மாதம் காற்றில் ஈரப்பதம் எழுபது, எண்பது சதவீதத்தில் நிற்கும். அறுபத்தைந்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நூல்களில் எழுதியிருக்கும் ஐம்பது சதவீதத்தைக் குளிர்சாதனம் வைத்து எட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். மின்சாரம் போகும் போதெல்லாம் மேலும் கீழும் ஊசலாடும், அந்த ஊசலாட்டம்தான் நூலை அதிகம் களைக்க வைக்கும். மூடிய இரும்பு அலமாரியில் சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, மாதம் ஒருமுறை வெயிலில்லாத உலர்ந்த நாளில் திறந்து பார்ப்பது, இவ்வளவு போதும். பழைய தேக்குப் பெட்டி பார்க்க அழகு. ஆனால் மரம் வெளிவிடும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கித் துணியை மஞ்சளாக்கும். பெட்டியைப் பெட்டியாகவே காட்சிக்கு வைக்கலாம்.

மடித்து வைத்தால் மடிப்பில் கசவு உடையும். ஏழெட்டு சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள அட்டைக் குழாயில் முதலில் பாலியஸ்டர் தாள், அதன் மேல் இரண்டு முறை வெந்நீரில் துவைத்துக் கஞ்சி போக்கிய காடா சுற்றி, துணியைப் பாவு ஓடும் திசையில் உருட்டுங்கள். கசவின் முகம் வெளிப்பக்கம் வர வேண்டும். பிவிசி குழாய் வேண்டாம், நாளாவட்டத்தில் அது விடும் அமிலம் உலோகத்தைத் தொடும். ரப்பர் பேண்டிலும் செய்தித்தாளிலும் கந்தகம் உண்டு, இரண்டும் வெள்ளியைக் கறுக்கடிக்கும்.

பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுவது நெசவின் பகுதி. வீட்டிலும் முண்டுக்குக் கஞ்சி போட்டே பழக்கம். வெள்ளிப்பூச்சி தேடி வருவது அந்தக் கஞ்சியைத்தான். அந்துருண்டை வாசனைக்குப் பூச்சி ஓடும் என்று நம்பி அள்ளிப் போடுகிறார்கள். மூடிய அறையில் அது மனிதருக்கும் கெடுதல், துணியிலும் நாற்றம் நிரந்தரமாகும். குளிரே மருந்து. பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி ஒட்டி, பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி வரும் பெட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு முழு நாள் பையைப் பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் பனியாக இறங்கும், பூச்சி போய்ப் பூஞ்சை வரும். புது வரவு எதுவானாலும் இந்த இரண்டு வாரம் கழித்துத்தான் மற்றத் துணிகள் பக்கம் போகலாம். கண்ணாடி மணி தைத்ததை மட்டும் குளிரில் வைக்க வேண்டாம்.

ஊருக்குக் காட்டுவது

பழைய உடையை யாருக்கும் போட்டுவிடக் கூடாது, பேத்திக்கும் கூடாது, ஐந்து நிமிடப் படத்துக்கும் கூடாது. உலக அருங்காட்சியகங்களின் கூட்டமைப்பான ஐகாமின் உடைக் குழுவும் இதையேதான் சொல்கிறது. வியர்வை, இழுப்பு, உடம்புச் சூடு மூன்றும் ஒன்றாக விழும். பொம்மையில் மாட்டுவதானால் பொம்மை உடையைவிட ஒரு சுற்றளவு சிறியதாக இருக்க வேண்டும். பிறகு பஞ்சும் காடாவும் சுற்றி உடையின் வடிவத்துக்கு நிரப்பலாம்.

வெளிச்சத்துக்குக் கணக்கு உண்டு. லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு; துணிக்கு 50 லக்ஸ் என்பது அருங்காட்சியக வழக்கம். ஒரு நாள் எட்டு மணி நேரம், 90 நாள் என்றால் 36,000 லக்ஸ்-மணி. இதைக் காட்டிவிட்டு ஆண்டில் மிச்ச நாளெல்லாம் இருட்டில் வைக்க வேண்டும். உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். பள்ளி ஆண்டுவிழாவில் முற்றத்துக் கொடியில் ஒரு மணி நேரம் தொங்கிய நேரியல், கிட்டத்தட்ட மூன்று ஆண்டுக்கான காட்சி வெளிச்சத்தை அந்த ஒரு மணியில் வாங்கிவிடுகிறது. வெளுத்த சாயம் திரும்புவதில்லை.

ஆகவே அசல் குறைவாக, பகர்ப்பு (பார்த்துச் செய்த நகல்) தாராளமாக. 1859 விளம்பரம் சொன்ன முரட்டுத் துணியையும் குப்பாயத்தையும் காட்ட வேறு வழியும் இல்லை. குப்பாயத்துக்கு ஒரு பிடி கிடைக்கிறது: 1814இல் வந்த முந்தைய உத்தரவு, கிறிஸ்தவரான பெண்கள் சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிளா முஸ்லிம்களும் போடுவது போன்ற குப்பாயம் போடலாம், மேல்சீலை கூடாது என்றது. மத்திய திருவிதாங்கூரில் சிரியன் கிறிஸ்தவ மூதாட்டிகள் அண்மைக்காலம் வரை போட்ட வெள்ளைச் சட்டையின் வெட்டு அதற்கு நெருங்கிய உறவு. நேர்த்துண்டுகளாக வெட்டியது, டாட் பிடிக்காதது, இடுப்பில் தளர்ந்து நிற்பது. அதை அளக்கும்போது தையலைப் பிரிக்கத் தேவையில்லை. இழை ஓடும் திசையில் வெள்ளை நூல் ஒன்றைத் துணிமேல் கிடத்தி நேர்க்கோடு பிடித்துக்கொண்டு, அங்கிருந்து கழுத்து, தோள், அக்குள், ஓரம் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் தூரத்தை வரைதாளில் குறித்தால் பேட்டர்ன் வந்துவிடும்.

துணிக்குத் தறிக்காரரிடம் போவது நல்லது. பாலராமபுரம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராம வர்மா காலத்தில் தமிழகப் பக்கத்திலிருந்து வரவழைத்த நெசவாளர்களால் உருவான ஊர். தெருவில் தமிழ் பேசியே வேலை முடிக்கலாம். பிரச்சினை வேறு. அவர்கள் கை மெல்லிய நூலுக்குப் பழகியது. முரட்டுத் துணி வேண்டும், தடித்த நூலில் இழை எண்ணிக்கை குறைத்து வேண்டும் என்றால் தயங்குவார்கள். அச்சு மாற்ற வேண்டும், பாவு தனியாக ஓட வேண்டும், நாலு முழத்துக்காகத் தறியைக் கட்ட முடியாது. ஒரு முழுப் பாவுக்குக் கூலி கொடுத்துவிட்டு, மிச்சத் துணியைப் பள்ளிகளுக்கும் வரும் ஆண்டுகளின் பகர்ப்புகளுக்கும் வைத்துக்கொள்வதே கட்டுபடியாகும். கிழித்துத் தைத்துப் பார்க்கவும், வருகிறவர்கள் தொட்டு உடுத்திப் பார்க்கவும் அதுதான் உதவும். கசவு நேரியலின் வழுவழுப்பைத் தொட்ட விரலால் அந்த முரட்டுத் துணியையும் தொட்டால், ‘முக்குவப் பெண்களைப் போல’ என்ற சொல்லுக்குள் இருந்த கட்டளை விளங்கும். துணி மறைத்தது, ஆனால் யார் என்பதையும் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்தது.

ரவிவர்மா படங்களைச் சான்றாக வைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முண்டின் விழுச்சியையும் கரையின் அகலத்தையும் அவர் கண்ணால் பார்த்தே வரைந்தார். ஆனால் யாரை வரைந்தார், எந்த வீட்டில் வரைந்தார் என்று கேட்டால் மறுபடி கசவுப் பெட்டிக்கே வந்து சேர்வோம். ஸ்டூடியோப் புகைப்படமும் அப்படித்தான், படத்துக்காக இரவல் வாங்கிக் கட்டிய புடவை ஏராளம். குறிப்பில் ‘படத்துக்கு உடுத்தியது’ என்று எழுதுவதில் தப்பில்லை.

சட்டம் ஒன்றையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தொழிலாக வாங்கி விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்குப் பாட்டியின் கசவைப் பார்சல் போடுவதுகூட இதில் மாட்டும்.

ஒவ்வொரு துணிக்கும் ஓர் எண். எண்ணைத் துணியில் எழுதாமல், பருத்தி நாடாத் துண்டில் அழியாத மையால் எழுதிக் காயவிட்டு, துணி ஓரத்தின் இழைகளுக்கு நடுவே இரண்டே தையலில் பிடிக்க வேண்டும். அதே எண்ணில் ஒரு பதிவுத்தாள், தமிழிலும் மலையாளத்திலும். 1956 நவம்பர் 1க்கு முன் குமரிப் பகுதியும் திருவனந்தபுரப் பகுதியும் ஒரே ஆட்சியில் இருந்ததால் ஒரு குடும்பத்தின் பாதிப் பெட்டி எல்லை ஊரான களியிக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கும். பதிவுத்தாளில் யார் உடுத்தியது, என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், யார் வெளுத்தது, எந்த நாளில் வெளியே எடுப்பார்கள் என்று வீட்டார் சொன்னதைச் சொன்ன வாக்கிலேயே ஒரு பத்தியில் எழுதுங்கள். துணியில் கண்டதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே விடுங்கள்.

பகர்ப்புக்கும் அதேபோல நாடா வேண்டும், இன்னும் அழுத்தமாக. உள்தையலில், பிரித்தாலொழிய வராத இடத்தில், நெய்த ஆண்டு, தைத்த ஆண்டு, எந்த எண் துணியைப் பார்த்து, எந்த விளம்பரத்தின் வாசகத்தை வைத்துச் செய்தது என்று எழுதித் தைத்துவிட வேண்டும். முரட்டுத் துணி துவைக்கத் துவைக்க மங்கும், ஓரம் நையும். பத்துப் பள்ளிக்குப் போய் வந்தால் அசலைவிடப் பழசாகத் தெரியும்.